வளைவில் நிற்கும் நீர்

கழிவறைக் கோப்பையின் அடியில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். போனமுறை ஊற்றியதில் மிச்சம் என்றுதான் பலரும் அதை நினைக்கிறோம். அந்தத் தண்ணீரை அங்கே நிறுத்திவைப்பதற்காகத்தான் குழாயையே வளைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த அலெக்ஸாண்டர் கம்மிங் லண்டனில் கடிகாரம் செய்து பிழைத்தவர். 1775இல் அவர் காப்புரிமை வாங்கிய கழிவறையில், கோப்பைக்குக் கீழே இறங்கும் குழாய் ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப் போல வளைந்திருந்தது. ஊற்றும் நீரில் கடைசிப் பங்கு வளைவின் பள்ளத்தில் தங்கிவிடும். சாக்கடையிலிருந்து ஏறிவரும் காற்று அந்த நீரைத் தாண்டி வீட்டுக்குள் வர முடியாது. திறந்தே இருக்கும்போதும் பூட்டியிருக்கிற ஒரு கதவு என்று அதைச் சொல்லலாம். 250 ஆண்டுகள் ஆகியும் இதைவிட எளிய வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிளம்பர்கள் இதை ‘ட்ராப்’ என்பார்கள். பாத்ரூம் தரையில் இருக்கும் நஹானி ட்ராப், வாஷ்பேசினுக்கு அடியில் தொங்கும் பாட்டில் ட்ராப், வீட்டுச் சுவரை ஒட்டி வெளியே இருக்கும் கல்லி ட்ராப் எல்லாம் அதே வளைவின் பிள்ளைகள்.

அடைப்பு முதலில் பிடிப்பதும் இங்கேதான். காற்றை மறிக்க வேண்டுமானால் குழாய் திரும்பியாக வேண்டும். குழாய் திரும்பும் இடத்தில் திடப்பொருள் முட்டத்தான் செய்யும். வளைவில்லாத கழிவறை அவ்வளவு எளிதில் அடைக்காது, ஆனால் வீட்டில் குடியிருக்க முடியாது.

வெறும் நாற்றத்தோடு விஷயம் முடிவதில்லை. 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் சார்ஸ் காய்ச்சல் 300க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. நோய் எப்படி மாடி விட்டு மாடி தாவியது என்று ஆராய்ந்தவர்கள் பாத்ரூம் தரை ட்ராப்பைச் சுட்டிக்காட்டினார்கள். தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைத்தே பழகிய வீடுகளில் ட்ராப் வறண்டு கிடந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியபோது, கழிவுக் குழாயிலிருந்த காற்று கிருமி சுமந்த நுண்துளிகளோடு உள்ளே இழுக்கப்பட்டது. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பும்போது பூட்டிய வீட்டில் சாக்கடை வாடை அடிப்பதும் இதே காரணத்தால்தான். குழாய் அடைக்கவில்லை, ட்ராப்பில் நீர் ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு வாளித் தண்ணீர் போதும். கிளம்புமுன் தரை ட்ராப்பில் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயை விட்டுவிட்டுப் போனால் அது மேலே படர்ந்து நீர் ஆவியாவதைத் தடுக்கும்.

சொம்பு சொம்பாக எவ்வளவு ஊற்றினாலும் போகாதது, அரை வாளியை ஒரே வீச்சில் ஊற்றினால் போய்விடும். காரணம் வளைவின் மேட்டில் இருக்கிறது. மெதுவாக ஊற்றும் நீர் அந்த மேட்டின் விளிம்பில் வழிந்து தன்பாட்டுக்கு இறங்கிவிடும். திடப்பொருள் பள்ளத்திலேயே கிடக்கும். வேகமாக ஊற்றினால் கோப்பையில் நீர்மட்டம் சட்டென உயர்ந்து, மொத்த நீரும் ஒரே உடலாக மேட்டைத் தாண்டுகிறது. திடப்பொருளையும் தள்ளிக்கொண்டு போகிறது. ஆக, தண்ணீரின் அளவைவிட அது வந்து விழும் வேகம் முக்கியம். 1970இல் பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கத்தின் கோப்பை இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டது. தண்ணீர் சுமந்து வர வேண்டிய வீடுகளுக்காகக் கோப்பையின் சரிவைக் கூட்டி, ட்ராப்பில் நிற்கும் நீரின் ஆழத்தை 20 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். வழக்கமான வெஸ்டர்ன் கோப்பையில் அது சுமார் 50 மில்லிமீட்டர். ஏற வேண்டிய மேடு தாழ்ந்ததால் ஒன்றரை, இரண்டு லிட்டரில் வேலை முடிந்தது.

அமெரிக்க வீடுகளில் கதை வேறு. நம் ஊர் வெஸ்டர்ன் கோப்பைகள் பெரும்பாலும் நீரின் தள்ளுவிசையை நம்புகின்றன. அங்குள்ளவை உறிஞ்சு விசையை நம்புகின்றன. வளைவு முழுக்க நீர் நிறைந்து, மறுபக்கம் இறங்கும் நீர் பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்குக் குழாய் குறுகலாக இருந்தால்தான் முடியும், சுமார் 2 அங்குலம். அதனால்தான் அங்கே கழிவறை அடிக்கடி அடைக்கிறது. வீட்டுக்கு வீடு மூலையில் ஒரு பிளஞ்சர் நிற்கிறது. 1992இல் அந்நாட்டில் இயற்றிய சட்டம், 1994 முதல் புதிய வீட்டுக் கழிவறைகள் ஒரு தடவைக்கு சுமார் 6 லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுக்கக்கூடாது என்றது. கம்பெனிகள் பழைய கோப்பைகளிலேயே தண்ணீரை மட்டும் குறைத்து விற்றதில் நாடு முழுக்க அடைப்பு. கடைசியில் கழிவறைகளைச் சோதிக்கவே ஒரு தேர்வு முறை வந்தது. கோப்பையில் போட்டுப் பார்க்கும் மாதிரிப் பொருளாகப் பொறியாளர்கள் தேர்ந்தெடுத்தது ஜப்பானியச் சமையலில் புழங்கும் சோயா விழுது. ஒரே தடவையில் குறைந்தது 350 கிராம் விழுதை விழுங்காத கழிவறைக்கு அங்கே அரசின் நீர்ச் சிக்கன முத்திரை கிடையாது. சிரிப்பாக இருந்தாலும், அடர்த்தி, ஈரம், வழுக்கல் மூன்றும் சரியாக அமைந்த பொருள் வேறெதுவும் எளிதில் கிடைக்காது.

அந்த பிளஞ்சர் இப்போது நம் கடைகளிலும் தொங்குகிறது. வாங்கிப் போகிறவர்களில் பலர் அதைக் கடப்பாரை போலப் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் கிண்ணத்தின் வாய் 12 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு சுமார் 113 சதுர சென்டிமீட்டர். 10 கிலோ எடைக்கு ஈடாக அழுத்தினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 90 கிராம் விழும். ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் இது. கோப்பை விளிம்புவரை நிரம்பி நின்றாலும் இதில் பாதி அழுத்தம்கூடக் கிடைக்காது. நீர் சுருங்காத பொருள் என்பதால் இந்த அழுத்தம் குறையாமல் அடைப்பு வரை போகும். ஆனால் கிண்ணத்துக்குள் காற்று இருந்தால் கதை கெட்டது. காற்று சுருங்கி அழுத்தத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஆகவே கிண்ணம் முழுக்க மூழ்கும் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். கிண்ணத்தைச் சாய்த்து இறக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். வாஷ்பேசினில் என்றால் மேலே உள்ள உபரிநீர்த் துளையை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். அதை மறந்துவிட்டு அழுத்தினால் சட்டையெல்லாம் நனைவதுதான் மிச்சம்.

இதைவிட முக்கியமானது, அழுத்துவதைக் காட்டிலும் இழுப்பதே பல சமயம் பலன் தருகிறது. வளைவில் போய்ச் செருகிய பொருளை இன்னும் அதே திசையில் தள்ளினால் இன்னும் இறுகும். வந்த வழியே இழுத்தால் தளரும். முதல் அழுத்தத்தை மெல்லக் கொடுத்து, பிறகு கிண்ணத்தின் பிடி விடாமல் முன்னும் பின்னும் ஆட்டி, கடைசியில் வெடுக்கென்று மேலே இழுக்க வேண்டும். துணியோ நாப்கினோ பொம்மையோ விழுந்திருக்கிறது என்று தெரிந்தால் அழுத்தவே வேண்டாம். கையுறை மாட்டிக்கொண்டு, வளைந்த கம்பியால் கொக்கி போட்டு எடுப்பதே சரி. நாப்கினுக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிப் புடைக்கும் பொருள். உள்ளே போகும்போது இருந்த அளவில் அது வெளியே வராது. இந்தியக் குழாய்களில் இதைப் போலப் பிடிவாதமான அடைப்பு குறைவு.

கருவியைக் கையில் எடுக்குமுன் அடைப்பு எங்கே என்று தெரிய வேண்டும். இந்தக் கணிப்பில்தான் நல்ல பிளம்பர் மற்றவரிடமிருந்து வேறுபடுகிறார். வாஷ்பேசின் மட்டும் மெதுவாக இறங்குகிறது, மற்றதெல்லாம் சரி என்றால், கோளாறு அதன் பாட்டில் ட்ராப்பில். கீழே ஒரு வாளி வைத்துக் கையாலேயே மரையைச் சுழற்றிக் கழற்றலாம். முடியும் சோப்பும் பற்பசையும் சேர்ந்த ஒரு கருப்புத் திரி வெளிவரும். கழிவறையில் தண்ணீர் ஊற்றும்போது பாத்ரூம் தரையில் தண்ணீர் கிளம்பினால், இரண்டும் சேரும் இடத்துக்கு அப்பால் அடைப்பு. மாடியில் குளிக்கும்போது கீழ்வீட்டில் பொங்கினால், செங்குத்துக் குழாய் தரைக்கு வந்து திரும்பும் முழங்கை வளைவைச் சந்தேகிக்கலாம். எல்லாமே ஒன்றாக நின்றுபோனால் வெளியே போய் சேம்பரைத் திறக்க வேண்டும். சேம்பர் காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே. நிரம்பி நின்றால் அதற்கு அப்பால். நான்கைந்து சேம்பர்கள் வரிசையாக இருந்தால் நடுவில் உள்ளதை முதலில் திறப்பவர் கணினிக்காரர்களின் இருகூறு தேடலைத்தான் செய்கிறார். ஒரு முறை திறந்தாலே பாதிக் குழாயைக் கணக்கிலிருந்து தள்ளிவிடலாம்.

காதும் உதவும். ஒரு குழாயில் தண்ணீர் இறங்கும்போது பக்கத்து ட்ராப் ‘குளுக் குளுக்’ என்றால், இறங்கும் நீர் தனக்குப் பின்னால் வேண்டிய காற்றை அந்த ட்ராப் வழியாக இழுக்கிறது என்று அர்த்தம். அந்தக் காற்று மொட்டைமாடிக்குப் போகும் வென்ட் பைப் வழியாக வந்திருக்க வேண்டும். காக்கை கூடு கட்டியோ சருகு விழுந்தோ வென்ட் அடைத்திருக்கலாம். மேலே ஒரு மாடி எழுப்பும்போது அறுத்துச் சுவருக்குள் மறைத்துவிடுவதும் நம் ஊர் வழக்கம். அப்படிப்பட்ட வீட்டில் கீழே எவ்வளவு குத்தினாலும் பலனில்லை.

ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அடைத்தால் வீட்டுக்காரரின் பழக்கத்தைக் குறை சொல்லுமுன் குழாயின் சரிவைப் பார்க்க வேண்டும். கழிவைத் தானே கழுவிக்கொண்டு போக நீர் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடி நீளத்தில் 1 அடி இறக்கம் என்ற கணக்கு அதற்காகத்தான். குழாய்க்கு அடியில் மண் சரியாகத் திமிசு போடப்படாமல் நாளடைவில் தாழ்ந்துவிட்டால், நடுவில் ஒரு தொட்டில் உருவாகும். அங்கே நீர் வேகமிழக்கும். சுமந்து வந்ததை இறக்கிவிட்டுப் போகும். அதற்கு மருந்து தோண்டுவது மட்டுமே.

சமையலறைக் குழாயின் எதிரி வேறு. 2017 செப்டம்பரில் கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில், விக்டோரியா காலத்துச் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளமும் சுமார் 130 டன் எடையும் கொண்ட ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது. அதில் ஒரு துண்டை அடுத்த ஆண்டு லண்டன் அருங்காட்சியகம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டியது. குளிரில் உறைந்த கொழுப்பு என்று தோன்றும். ஆனால் இத்தகைய படிவுகளை ஆராய்ந்த வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தார் அவற்றில் கண்டது பெருமளவு சோப்பு. சமையலில் எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலங்களாகிறது. அது நீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத கால்சியம் சோப்பாக மாறுகிறது.

நமக்கு இதில் ஒரு சேதி உண்டு. நம் வெயிலில் கடலை எண்ணெய் உறையாது. அதனால் வடைச்சட்டி எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் ஓடிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் போர்வெல் தண்ணீரில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. குளிக்கும் வாளியின் விளிம்பில் படியும் வெள்ளைப் பிசுக்கு எதுவோ அதுதான் குழாய்க்குள்ளும் படிகிறது. அதன்மேல் கஞ்சி, இட்லி மாவு, டீத்தூள், பாத்திரம் விளக்கும் பவுடரின் தாதுப்பொடி என்று வந்து ஒட்டிக்கொள்கிறது. கொதிநீர் ஊற்றினால் பிசுக்கு இளகி, சற்றுத் தள்ளிப்போய் மறுபடி படியும். அதோடு, பிவிசி குழாய் 80 டிகிரி செல்சியஸ் அருகில் இளகத் தொடங்குகிறது. குளிர்ந்த பீங்கானில் கொதிநீர் விழுந்தால் விரிசலும் விடலாம். வெதுவெதுப்பான நீர் போதும். எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் துடைத்துக் குப்பையில் போடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

அடைப்பு என்றதும் ஆசிட் பாட்டிலைத் தேடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கழிவறையின் உப்புக்கறையைக் கரைக்கும். அந்தக் கறை கால்சியம் கார்பனேட். ஆனால் கொழுப்பை அது தொடாது, முடியைத் தொடாது, துணியையும் பிளாஸ்டிக்கையும் தொடவே தொடாது. அடைப்பில் ஊற்றிய ஆசிட் அடைப்பைத் தாண்டாமல் நிற்கும். சிமென்ட் பூச்சையும் மொசைக்கையும் தின்னும். கொழுப்புக்கும் முடிக்கும் காரம்தான் சரி. சோடியம் ஹைட்ராக்ஸைடு, அதாவது காஸ்டிக் சோடா, கொழுப்பைக் கரையக்கூடிய சோப்பாக்குகிறது. முடியின் கெரட்டின் புரதத்தைச் சிதைக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையும்போது கடும் சூடு கிளம்பும். தோலிலும் கண்ணிலும் பட்டால் அங்கேயும் கொழுப்பையும் புரதத்தையும்தான் காண்கிறது. கரைப்பதென்றால் தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடாது, ஹைட்ரஜன் வாயு பொங்கும். சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றும் வீட்டுக் குறிப்பு பத்திரிகைகளில் வராத மாதம் இல்லை. நுரை பார்க்க அழகு. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு கார்பன் டை ஆக்ஸைடாகவும் ஓர் உப்பாகவும் முடிந்துவிடும். அடைப்பு அப்படியே இருக்கும்.

ஒரு கலவையை மட்டும் எந்த நிலையிலும் செய்யக்கூடாது. பிளீச்சிங் பவுடர் தூவிய கழிவறையில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியர்கள் திறந்துவிட்டது இதே வாயுதான். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. நான்கடிக்கு நான்கடிக் கழிவறையில் குனிந்து தேய்ப்பவரின் மூக்கருகே தேங்கும். இன்னொன்று, எந்த ரசாயனத்தை ஊற்றித் தோற்றிருந்தாலும், பிறகு வரும் பிளம்பரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் கம்பியை விட்டு ஆட்டும்போது தெறிப்பது வெறும் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

நீளமான குழாயில் ஆழத்தில் உள்ள அடைப்புக்குச் சென்னையில் நெடுங்காலம் மூங்கில் பிளாச்சுகளைத்தான் விட்டுக் குத்தினார்கள். வளைவில் திரும்பக்கூடிய சுருள் கம்பி பிறகு வந்தது. மரவேர்கள் பழைய குழாய்களின் இணைப்பில் மயிரிழையாக நுழைந்து, உள்ளே ஈரமும் சத்தும் கிடைத்ததும் புதராகப் பெருகும். 1933இல் அமெரிக்காவின் அயோவாவில் சாமுவேல் பிளாங்க் என்பவர் வாஷிங் மெஷின் மோட்டாரையும் கம்பிவடத்தையும் இணைத்து, சுழன்றுகொண்டே வேரை அறுக்கும் எந்திரம் செய்தார். இன்று பிளம்பர்கள் கொண்டுவரும் மோட்டார் சுருள்கம்பி அதன் வாரிசு.

சில சமயம் எங்கும் அடைப்பே இருக்காது, ஆனால் தண்ணீர் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் உறைகிணறு போன்ற கசிவுக் குழி நீரை வாங்க மறுக்கும். செப்டிக் டேங்க் நிரம்பும். வீட்டுக் குழாய்கள் எல்லாம் ஒன்றாகத் திணறும். மழை நின்று மட்டம் இறங்கினால் தானே சரியாகும். வெயில் காலத்திலும் அப்படித் திணறினால் டேங்கில் சகதி ஏறிவிட்டது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டியதைப் பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்ட வீடுகளே அதிகம். டேங்க் மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டு அது எங்கே இருக்கிறது என்றே மறந்துவிட்டவர்களும் உண்டு.

வீட்டுக்காரரின் கைவேலை இந்த மூடியோடு நிற்க வேண்டும். உள்ளே ஆக்ஸிஜன் குறைவு; மீத்தேன் இருக்கும்; ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். காற்றில் கோடியில் ஒரு பங்கு கலந்திருந்தாலே அதன் அழுகிய முட்டை நாற்றத்தை மூக்கு கண்டுபிடித்துவிடும். அளவு பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதே மூக்கு மரத்துப்போகும். நாற்றம் குறைந்துவிட்டது என்று தோன்றும். ஆயிரத்தில் ஒரு பங்கில் ஆள் சில மூச்சுகளில் சாய்ந்துவிடுவார். மெழுகுவத்தி கொளுத்தி இறக்கிப் பார்ப்பது, மீத்தேன் இருக்கும் இடத்தில், சோதனை ஆகாது.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ இறக்குவது முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ தரக்கூடிய குற்றம். மாநகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டும் என்று நினைக்க வேண்டாம், வீட்டுச் சொந்தக்காரருக்கும் இது பொருந்தும். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. எந்திரமில்லை என்ற சாக்கும் இனி நிற்காது. கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் 2018இல் கொண்டுவந்த ‘பாண்டிகூட்’ எந்திரம் சாக்கடைக் குழிக்குள் இறங்கி வாருகிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய ‘ஹோமோசெப்’ செப்டிக் டேங்கின் இறுகிய சகதியைக் கடைந்து உறிஞ்சக் கொடுக்கிறது. வீட்டுக்கு வரும் சாதாரண லாரியின் உறிஞ்சு குழாயே பெரும்பாலான டேங்குகளுக்குப் போதும். 14420 என்ற எண்ணில் கேட்கலாம். அடியில் கெட்டியாகத் தங்கியதை வாருவதற்கு ஓர் ஆளை இறக்கட்டுமா என்று லாரிக்காரர் கேட்டால், கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். அப்படியும் கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். புதிதாக வரும் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் அந்த மிச்சத்தில்தான் இருக்கின்றன.